தொழிலைக் கற்பிக்கின்றீர், அதன் நஞ்சைக் கற்பிப்பவர் யார்?

கைத்தொழில் கற்கும்படி நம் இளைஞருக்குப் புத்திமதி கூறாதவர் இன்று எவருமிலர். மேடையேறுவோர் கூறுகின்றனர்; உதவிப் பணம் கொண்டு வருவோர் கூறுகின்றனர்; பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்டு பெருமூச்செறியும் பெற்றோரும் கூறுகின்றனர். நல்லது. உழைத்துண்ணும் கையினும் உயர்ந்த செல்வம் பிறிதில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேளாது விடுவதற்கில்லை. தொழில் கற்பிக்கின்றோம் என்று மார்தட்டுவோர், அத்தொழில் அவ்விளைஞனின் கண்ணையும் நெஞ்சையும் மூளையையும் என்ன செய்யும் என்பதையும் கற்பிக்கின்றனரா?

இரும்பொட்டு வேலையை, அதாவது பட்டறைகளிலே ‘வெல்டிங்’ என்று வழங்கும் தொழிலை, எடுத்துக்கொள்வோம். போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எழும்பிய வீடுகளுக்குக் கேற் வேண்டியிருந்தது; யன்னற் கம்பி வேண்டியிருந்தது; கூரைச் சட்டமும் உழவு இயந்திரப் பெட்டியும் வேண்டியிருந்தன. இவற்றைச் செய்யும் பட்டறைகள் சந்திதோறும் தோன்றின. பயிற்சி நிலையத்திலே சில மாதம் பயின்றவரும், பள்ளியை இடைநடுவில் விட்டுப் பட்டறையிலே கையாளாய் நின்று பழகியவரும் இத்தொழிலிற் புகுந்தனர். இங்கு கற்றுக் கொழும்புக்கும் அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர் பலர். இத்தொழில் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றது. அதனாலேயே இதைப்பற்றி உண்மை பேசுதல் கடனாகின்றது.

பாடத்திட்டத்திலே ‘பாதுகாப்பு’ என்றொரு தலைப்பு இல்லையா என்று சிலர் கேட்பர். தலைப்பு உண்டு. தலைப்பு இருப்பதும் பாடம் நடப்பதும் ஒன்றல்ல. கையுறை அணி, சப்பாத்து அணி, கண்ணைக் காத்துக்கொள் என மூன்று வாக்கியம் சொல்லி, சுவரிலே ஒரு படத்தை ஒட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். மாணவன் ஒட்டிய மூட்டை வளைத்துப் பார்க்கின்றனர், வெட்டிப் பார்க்கின்றனர், பிசகு கண்டால் மறுபடி செய்விக்கின்றனர். அம்மூட்டைச் செய்தபோது அவன் எதை மூச்சாக இழுத்தான் என்பதை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. இரும்புக்கு இத்தனை சோதனை. இரும்பை ஒட்டும் மனிதனுக்கு ஒன்றுமில்லை. என்னே நியாயம்!

உலகம் அளித்த தீர்ப்பு

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவராண்மை 1990 ஆம் ஆண்டில் ஒட்டுவேலைப் புகையை ஆராய்ந்து, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாய் இருக்கலாம் என்று ஐயத்தோடு கூறிற்று. 2017 ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது அவ்வையம் நீங்கிற்று. ஒட்டுவேலைப் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று முதலாம் தொகுதியிலே, புகையிலையும் கல்நாரும் நிற்கும் அதே வரிசையிலே, அதனை வைத்தது. ஒட்டும் வில்லிலிருந்து எழும் கழியூதாக் கதிரும் அவ்வரிசையிலேயே வைக்கப்பட்டது. உலகிலே ஒட்டுவேலையைத் தம் தொழிலாகக் கொண்டோர் ஏறத்தாழ ஒரு கோடியே 10 இலட்சம் பேர் என்றும், வேறு வேலை செய்தும் அப்புகைக்கு ஆளாகுவோர் ஏறத்தாழ 11 கோடிப் பேர் என்றும் அம்முகவராண்மை மதிப்பிட்டது.

2019 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானியாவின் சுகாதார, பாதுகாப்பு நிருவாகம் தன் நாட்டு முதலாளிமாருக்கு எச்சரிக்கை விடுத்தது. சாதாரண மென்னுருக்கின் புகையும் நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கும். கதவையும் யன்னலையும் திறந்து வைத்தல் மட்டும் போதாது. புகையை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல் வேண்டும். வெளியிடத்தில் வேலை செய்வோனுக்கும் தக்க சுவாசக் கவசம் அளித்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். பிரித்தானியத் தொழிலாளியின் நுரையீரல் ஒரு விதமாகவும் கிளிநொச்சி இளைஞனின் நுரையீரல் வேறு விதமாகவும் படைக்கப்பட்டிருக்கவில்லை. அங்கே நஞ்சாகிய புகை இங்கே சாம்பிராணி ஆகிவிடுமா?

நஞ்சு வரும் வழிகள்

புகை என்று ஒரே சொல்லாற் கூறினும் அதனுள்ளே இருப்பவை பல. கொதித்து ஆவியாகிய உலோகம் காற்றிலே குளிர்ந்து நுண்டுகளாகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியன. மூக்கின் மயிரும் தொண்டையின் ஈரமும் அவற்றைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் அடிவரை அவை செல்லும்.

நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது நிகழ்வதைக் கேளுங்கள். நாகம் 907 பாகையிலே கொதிக்கும். இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். ஆகவே இரும்பு உருகுமுன்னரே அதன்மேற் பூசிய நாகம் வெண்புகையாய் எழுந்துவிடுகின்றது. அதனை இழுத்தவனுக்கு அன்று மாலையோ இரவோ குளிரும் காய்ச்சலும் உடல் நோவும் வாயிலே உலோகச் சுவையும் உண்டாகும். ஓரிரு நாளிலே அது மாறிவிடும். வாரம் முழுவதும் வேலை செய்பவனுக்கு உடல் சற்றே பழகி, விடுமுறை கழிந்து வந்ததும் மறுபடியும் காய்ச்சல் காணும். ஆதலின் மேனாட்டுத் தொழிலாளர் இதனைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றனர். நம் பட்டறைகளிலே இதற்குப் பெயருமில்லை. மழையில் நனைந்த காய்ச்சலென்று ஒரு குளிசையோடு முடிந்துவிடுகின்றது.

இக்காலத்து வீட்டு வாயில்களிலே பளபளக்கும் கறையில் உருக்கு இன்னும் கொடியது. அதன் புகையிலே குரோமியத்தின் நச்சு வடிவமும் நிக்கலும் உள்ளன. இரண்டும் புற்றுநோய்க் காரணிகள். உருக்கிலும் ஒட்டுக் கம்பியிலும் உள்ள மங்கனீசு மூளையைத் தாக்கும். மங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளரின் நடை தளர்ந்து பேச்சுக் குழறியதை ஜோன் கூப்பர் என்னும் மருத்துவர் ஸ்கொத்லாந்திலே 1837 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். கட்மியம் பூசிய உறுப்பைச் சூடாக்கி அதன் புகையை இழுத்தவன் சில நாளில் உயிரிழக்கவுங் கூடும். குளோரீன் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அது உலருமுன் வில்லை மூட்டினால், முதலாம் உலகப் போரிலே படைவீரரைக் கொன்ற பொஸ்ஜீன் என்னும் வாயுவே அங்கு பிறக்கலாம். இழுத்த வேளையிலே சிறு இருமல். சில மணி கழிந்தபின் நுரையீரலில் நீர்.

கண்ணின் கதை யாவரும் அறிந்தது. கறுப்புக் கண்ணாடியின்றி வில்லைப் பார்த்தவனுக்குப் பகலிலே ஒன்றுந் தோன்றாது. நள்ளிரவிலே கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரிவு எழும். ‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்’ என்னும் பழமொழியின் பொருளை அன்றிரவு அவன் அறிவான்.

அனுபவம் என்னும் ஆசிரியன்

“அனுபவத்தால் தாமே அறிந்துகொள்வார்கள்” என்பது இத்துறையிற் பழுத்தவர் சிலர் கூறும் முதற் சமாதானம். இதனை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சூடான இரும்பைத் தொட்டவன் அக்கணமே கற்கின்றான். வில்லைப் பார்த்தவன் அன்றிரவு கற்கின்றான். நாகப் புகையை இழுத்தவன் மறுநாட் காலையிலே கற்கக்கூடும், காய்ச்சலின் காரணத்தை எவரேனும் எடுத்துரைத்தால். புற்றுநோயோ இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே கதவைத் தட்டும். மங்கனீசு கையை நடுங்கச் செய்வதும் மெல்ல மெல்லவே. உடனே தண்டிக்கும் அபாயத்துக்கு அனுபவமே ஆசிரியனாகலாம். காலந்தாழ்த்தித் தண்டிக்கும் அபாயத்துக்கு மனித ஆசிரியன் ஒருவன் வேண்டும். அவன் இல்லாவிடின் அனுபவம் பாடம் சொல்ல வரும் நாளிலே மாணவன் மரணப் படுக்கையிற் கிடப்பான்.

மேலும், உண்மை கற்பிக்கப்படாத இடம் வெற்றிடமாய் இருப்பதில்லை. பொய் அங்கே குடியேறிவிடுகின்றது. பால் குடித்தாற் புகையின் நஞ்சு முறியும் என்கின்றனர். பால் செல்வது இரைப்பைக்கு. புகை சென்றது நுரையீரலுக்கு. எரியும் கண்ணிலே உருளைக்கிழங்குச் சீவலை வை என்கின்றனர். வெயிலுக்குப் போடும் கண்ணாடியே போதும் என்கின்றனர். மின்வில்லுக்கு வேண்டுவதோ பத்து முதல் பதின்மூன்று வரை இலக்கமிட்ட கருங்கண்ணாடி. கைக்குட்டையை மூக்கிலே கட்டினாற் போதும் என்கின்றனர். அந்நுண்டுகளுக்குக் கைக்குட்டையின் இழைகள் திறந்த படலைக்கு ஒப்பானவை. இப்பொய்களெல்லாம் தலைமுறை தலைமுறையாய்த் தவறாது கற்பிக்கப்படுகின்றன. உண்மைக்கு மட்டும் நேரமில்லையாம்.

“அச்சமூட்டினாற் பிள்ளைகள் தொழிலை விட்டோடி விடுவர்” என்பது இரண்டாவது சமாதானம். கடலின் சுழியைச் சொல்லிக் கொடுத்த தகப்பனால் எந்த மகனும் கடற்றொழிலை விட்டதில்லை. சுழியை விலக்கி வலை வீசவே கற்றான். அறிவு அச்சத்தை வளர்ப்பதன்று. அச்சத்துக்கு அளவு காட்டுவது.

“கவசங் கொடுத்தாலும் அணியமாட்டார்கள்” என்பது மூன்றாவது. ஏன் அணிவதில்லை? தகிக்கும் தகரக் கொட்டிலிலே, பத்துப் பேர் பாவித்து வியர்வை நாறும் முகமூடி ஒன்றை நீட்டினால் எவன் அணிவான்? கற்பிப்பவரே கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, கண்ணை ஒருபுறம் திருப்பிப் புள்ளி வைப்பதைக் கண்ட மாணவன் எதைப் பின்பற்றுவான்? தொழில் பயில்வோன் ஆசானின் வாய் சொல்வதைக் கற்பதில்லை. கை செய்வதையே கற்கின்றான். புகை நிறைந்த பயிற்சிக்கூடத்திலே சுகாதாரப் பாடம் நடத்துவது, கள்ளுக் கொட்டிலில் இருந்துகொண்டு மதுவிலக்குப் பிரசங்கம் செய்வதை ஒக்கும்.

“சிறு பட்டறைக்கு வசதியில்லை” என்பது நான்காவது. பணமின்றியும் செய்யத்தக்கவை பல. ஒட்டுமுன் நாகத்தையும் மையையும் சுரண்டியகற்றலாம். புகைத்தூண் முகத்திற் படாதவாறு தலையை ஒதுக்கி, காற்று பக்கவாட்டில் வீசும்படி நிற்கலாம். அடைத்த தொட்டிக்குள் தனியே இறங்காதிருக்கலாம். கை கழுவியபின் உண்ணலாம்; வேலை உடுப்போடு வீட்டுப் பிள்ளையைத் தூக்காதிருக்கலாம். இவற்றுக்கு வேண்டுவது பணமன்று, அறிவு. நல்ல கருங்கண்ணாடிக்கும் சுவாசக் கவசத்துக்கும் பணம் வேண்டுந்தான். இயந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் செலவிடும் முதலாளி, அவ்வியந்திரத்தை இயக்கும் நெஞ்சுக்குச் செலவிடுவதை மட்டும் வீண்செலவு என்பது எந்தக் கணக்கு?

சட்டம் சொல்வது என்ன?

நமது நாட்டிலே தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942 ஆம் ஆண்டில் 45 ஆம் இலக்கமாய் இயற்றப்பட்டது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் அதனினும் மூத்தது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கம். தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகத்தை அமைக்கும் சட்டம் 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கம். எனவே சட்டமில்லாத குறை நமக்கில்லை. சட்டம் பட்டறை வாசல்வரை வருவதில்லை என்பதே குறை.

நீதிமன்றங்களும் வாளாவிருக்கவில்லை. ஸ்ரெப்னி நகர சபையின் வாகனத் திருத்தகத்திலே ஒற்றைக் கண்ணுடைய தொழிலாளி ஒருவர் சம்மட்டியால் அடித்தபோது இரும்புத் துண்டு தெறித்து மற்றக் கண்ணையும் பறித்தது. காப்புக் கண்ணாடி கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சபை வாதித்தது. விளையக்கூடிய கேட்டின் பாரத்துக்கேற்பக் கவனமும் இருத்தல் வேண்டுமென்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1951 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளிலே அது காணப்படும். நமது தீங்கியற் சட்டம் உரோமன்-டச்சு மூலமுடையதாயினும், இந்த நீதி எந்த நாட்டு மூலத்துக்கும் புறம்பானதன்று. வழக்கமில்லை என்பது விடையாகாது என்றால், நம் பட்டறைகளின் வழக்கமும் விடையாகாது.

இன்னொரு தந்திரத்தையும் நாம் முன்கூட்டியே மறித்து வைக்கின்றோம். “அபாயத்தைக் கற்பித்துவிட்டோம், இனி நேர்வது அவன் பொறுப்பு” என்று கடதாசியிலே கையெழுத்து வாங்கிக்கொண்டு கைகழுவ எண்ணுவோர் இருக்கலாம். தலைக்கு மேலே பாரந்தூக்கி கற்களைக் கொண்டு செல்வதை அறிந்தும் கீழே நின்று வேலை செய்த தொழிலாளி ஒருவரின் வழக்கிலே, அபாயத்தை அறிதல் வேறு, அதற்கு உடன்படுதல் வேறு என்று 1891 ஆம் ஆண்டிலேயே பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. கற்பிப்பது பொறுப்பின் தொடக்கம், பொறுப்பினின்றும் விடுதலையன்று. புகையை அறிந்த இளைஞனைப் புகையிலேயே நிறுத்தி வைப்பது, அறியாதவனை நிறுத்துவதினும் சிறிய குற்றமாகாது.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டம் தீங்குக்கு நட்டஈடு கோரும் வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கும்படி கட்டளையிட்டது. இருபது ஆண்டு கழித்து வரும் நோயாளி, எந்தப் பட்டறையில், எந்த முதலாளியிடம், எந்த உலோகத்தை எவ்வளவு காலம் ஒட்டினான் என்பதற்கு எழுத்திலே என்ன வைத்திருப்பான்? நியமனக் கடிதமில்லை, சம்பளத் துண்டில்லை, பட்டறையும் அதற்குள் மூடப்பட்டிருக்கும். ஆகவே வருமுன் காத்தலே ஏழைத் தொழிலாளிக்கு உண்மையான நட்டஈடு. பணக்காரன் நோய்க்குப்பின் வழக்காடலாம். ஏழை நோய்க்கு முன் அறிந்திருத்தல் வேண்டும்.

எச்சரிக்கையின் மொழியையும் குறிப்பிடாது விடுவதற்கில்லை. ஒட்டுக் கம்பிப் பெட்டியின் எச்சரிக்கை சிற்றெழுத்து ஆங்கிலத்திலே வருகின்றது. வாசிக்க இயலாதவனுக்கு எழுதிய எச்சரிக்கை, எழுதியவனைக் காக்குமேயன்றி வாசகனைக் காக்காது. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியென்றது. அவ்வுரிமை அலுவலகப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவதற்கன்று. நுரையீரலைக் காக்கும் வாக்கியமும் அவனவன் தாய்மொழியில் அவனைச் சேர்தல் வேண்டும். தமிழ் இளைஞனுக்குத் தமிழிலே கேட்கும் நாம், சிங்கள இளைஞனுக்குச் சிங்களத்திலே அது கிடைக்க வேண்டுமென்றும் அதே குரலிற் கேட்கின்றோம். புகைக்கு இனமில்லை.

நாம் கோருவன

முதலாவது, எந்தப் பயிலுநனும் வில்லை மூட்டுமுன் அபாயப் பாடம் முழுமையாய் நடைபெறுதல் வேண்டும். எவ்வுலோகத்தில் எந்நஞ்சு, அது எத்தனை மணியில் அல்லது எத்தனை ஆண்டில் வெளிப்படும், முதற் குறி யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றிலே பரீட்சை நடத்தி, அதிற் சித்தியடையாதவனுக்குச் சான்றிதழ் மறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, பயிற்சிக்கூடமே பாடமாய் விளங்குதல் வேண்டும். புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயும், ஒவ்வொருவருக்கும் உரிய முகமூடியும் கையுறையும் சுவாசக் கவசமும் இல்லாத கூடத்துக்கு அனுமதி அளித்தலாகாது.

மூன்றாவது, சேர்ந்த நாளில் ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் மூச்சின் வலு அளக்கப்பட்டு, அதன் பிரதி பயிலுநனின் கையிலே கொடுக்கப்படல் வேண்டும். அதுவே நாளை அவனுக்குச் சாட்சி. ஒட்டுவேலை செய்வோரை நியூமோனியா எளிதிலே பற்றுவதைக் கண்டு பிரித்தானியா அவர்களுக்குத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. அதனையும் இங்கு ஆராய்தல் வேண்டும்.

நான்காவது, பயிலுநரை அனுப்பும் பட்டறைகள் முன்னரே பரிசோதிக்கப்படல் வேண்டும். சம்பளம் பெறாத பயிலுநன் தொழிலாளியல்லன் என்னும் வாதத்தை எவரும் எடுத்துவர வேண்டாம். சம்பளம் பெற்றவனையும் பெறாதவனையும் புகை வேறுபடுத்துவதில்லை.

இவை பேராசையான கோரிக்கைகளா? 2022 ஆம் ஆண்டு ஜூனில் சர்வதேச தொழில் மாநாடு, பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. உலகம் உரிமை என்று ஒப்புக்கொண்டதை நாம் பிச்சையாய்க் கேட்க வேண்டியதில்லை.

பெற்றோரே! மகனைச் சேர்க்கப் போகும்போது எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், வெளிநாட்டு வேலை கிடைக்குமா என்று கேட்கின்றீர்கள். அவன் எதை மூச்சாய் இழுப்பான் என்று நான்காவதாய் ஒரு கேள்வியையும் கேளுங்கள். ஆசிரியர்களே! நீங்கள் முகமூடியை அணிந்து நிற்கும் ஒரு நாள், நூறு சுவர்ப் படங்களுக்கு மேலான பாடம். தொழிற்சங்கத்தாரே! சம்பளத்துக்காக எழுப்பும் குரலிலே மூச்சுக்காகவும் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

இளைஞனே! கவசங் கேட்பவன் கோழையல்லன். தன் உடலே தன் முதல் என்பதை அறிந்த தொழிலாளி அவன். நீ ஒட்டும் கேற் முப்பது ஆண்டு நிற்கும். அதைத் திறந்து மூடும் பிள்ளைகள் வளர்ந்து பெரியவராவர். அத்தனை ஆண்டும் நீயும் நிமிர்ந்து நின்று மூச்சுவிடுவதற்கு உனக்கு உரிமையுண்டு. அவ்வுரிமையைக் கற்பியாத கல்வியைக் கல்வியென்று ஏற்க நாம் மறுக்கின்றோம்.